ஸ்பிரிங்கா, ரீவால்வா, ஏ-கிட்டா: மோட்டோகிராஸ் சஸ்பென்ஷனில் எதை முதலில் மாற்றுவது?

மண் டிராக்கில் ஓடும் மோட்டோகிராஸ் வண்டியை ஒரு சீசன் ஓட்டி முடித்ததும் எல்லோருடைய கண்ணும் சஸ்பென்ஷன் பக்கம் திரும்பும். பிரேக் பம்ப்பில் (வளைவுக்கு முன் எல்லோரும் பிரேக் பிடித்து உருவான மேடுகளில்) கைப்பிடி உதறுகிறது, தரையிறங்கும்போது முன்பக்க ஃபோர்க் அடிவரை போய் இடிக்கிறது. சரி, மாற்றலாம். ஆனால் எதை? உடல் எடைக்கேற்ற ஸ்பிரிங் போடலாம். இருக்கிற ஃபோர்க்கையும் பின்பக்க ஷாக்கையும் பிரித்து ரீவால்வ் செய்யலாம், அதாவது உள்ளே இருக்கும் வால்வு தகடுகளை மாற்றி அடுக்கலாம். ஃபோர்க்குக்குள் புதிய கார்ட்ரிட்ஜ் (உள்ளே இயங்கும் பாகங்களின் தொகுப்பு) வைக்கலாம். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஏ-கிட்டே (பந்தயத்துக்கென்று செய்த உயர்தர சஸ்பென்ஷன்) மாட்டலாம். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: முதல் படியை விட்டுவிட்டு மேலே தாவினால், கொட்டிய பணத்தில் பாதி வீண்.

அந்த முதல் படி ஸ்பிரிங். தொழிற்சாலையிலிருந்து வரும் 450 சிசி வண்டிகளின் ஸ்பிரிங் பெரும்பாலும் சுமார் 75 முதல் 85 கிலோ எடையுள்ளவரை மனத்தில் வைத்துப் போட்டது. நீங்கள் 95 கிலோ என்றால் எந்த வால்வு வேலையும் அதை ஈடுகட்டாது. சோதிக்க ஒரு அளவுகோலும் ஒரு நண்பரும் போதும். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சக்கரம் காற்றில் தொங்கும்போது, ஆக்ஸிலிலிருந்து நேர் மேலே மட்கார்டில் குறித்த புள்ளிவரை அளக்கவும். பிறகு ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறி நிற்க, நண்பர் மீண்டும் அளக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ரேஸ் சேக். பெரிய வண்டிகளுக்கு அது 100 முதல் 105 மி.மீ. வரை இருக்க வேண்டும். அதைப் பிரீலோட் வளையத்தை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே நெருக்கிப் பிடிக்கும் வளையம்) திருகிச் சரிசெய்துவிட்டு, ஆள் ஏறாமல் வண்டி தன் எடையிலேயே எவ்வளவு இறங்குகிறது என்றும் பார்க்கவும். அது 30 முதல் 40 மி.மீ. இருந்தால் ஸ்பிரிங் உங்களுக்குப் பொருத்தம்.

இங்கேதான் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். ஆளில்லாமல் 15 மி.மீ. மட்டுமே இறங்கினால் ‘ஸ்பிரிங் ரொம்ப விறைப்பு’ என்று முடிவு கட்டுவார்கள். உண்மையில் அது மெத்தென்ற ஸ்பிரிங். கனமான ஆளைத் தாங்க அதைப் பிரீலோடால் நெருக்கிப் பிடித்திருக்கிறோம். அதனால் ஆள் இறங்கியதும் பின்பக்கத்தை முழுக்கத் தூக்கிவிடுகிறது. அந்த நிலையில் ஓட்டினால் பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தேட இடம் இருக்காது, பின்பக்கம் உதைக்கும்.

ஸ்பிரிங் சரியானபின்தான் ரீவால்வ். ஃபோர்க்குக்கும் ஷாக்குக்கும் உள்ளே ஆயிலில் நகரும் பிஸ்டனின் மேல் அடுக்கியிருக்கும் ஷிம் தகடுகளை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். பிளேடு மாதிரி இருக்கும், 0.10 மி.மீ., 0.15 மி.மீ. என்று தடிமன். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் வளையும் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் (1.5 × 1.5 × 1.5 என்பது போல) ஏறும் என்பதால், 0.15 தகடு 0.10 தகட்டைவிட மூன்று மடங்குக்கும் மேல் விறைப்பு. இந்த அடுக்கை மாற்றுவதுதான் ரீவால்வ். வெளியே இருக்கும் கிளிக்கர் என்ற திருகியைத் திருகுவதால் இது நடக்காது. கிளிக்கர் பெரும்பாலும் ராடு (பிஸ்டனைத் தாங்கும் தண்டு) மெதுவாக நகரும்போது ஆயில் போகும் சிறு வழியைத்தான் கட்டுப்படுத்துகிறது. ‘ஹை ஸ்பீட்’, ‘லோ ஸ்பீட்’ என்பது வண்டியின் வேகம் அல்ல, ராடு உள்ளே போகும் வேகம். வளைவில் சாயும்போது ராடு மெதுவாக நகரும். பிரேக் பம்ப்பில் அடி விழும்போது பாய்ந்து போகும்.

ரீவால்வின் தரம் அதைச் செய்யும் டியூனரைப் பொறுத்தது. நான் முதலில் கொடுத்த இடத்தில் எடையை மட்டும் கேட்டுக்கொண்டார்கள். திரும்பி வந்த ஃபோர்க்கில் இரண்டு சுற்றுக்குள் முன்கை இறுகிப்போனது. அடுத்து நான் போன டியூனர், வேலையைத் தொடுவதற்கு முன் அரைமணி நேரம் கேள்வி கேட்டார்: மணலா களிமண்ணா, நின்று ஓட்டுவீர்களா, எந்த இடத்தில் பயம் வருகிறது? அதே ஃபோர்க், அதே ஸ்பிரிங், வண்டியே வேறாகிவிட்டது. யமஹா ஒய்இசட் வண்டிகளில் வரும் கேஒய்பி நிறுவனத்தின் எஸ்எஸ்எஸ் ஃபோர்க் மாதிரி அடிப்படையே நன்றாக இருந்தால், பெரும்பாலானவர்களுக்கு ஸ்பிரிங்கும் நல்ல ரீவால்வும் தாராளம்.

கார்ட்ரிட்ஜ் கிட் பற்றிய கேள்வி பெரும்பாலும் ஏர் ஃபோர்க் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றழுத்தத்தில் தாங்குவது) வைத்திருப்பவர்களுக்குத்தான் வருகிறது. 2013இல் ஹோண்டா சிஆர்எஃப்450ஆர் ஏர் ஃபோர்க்குக்குப் போனது. 2017இல் ஸ்பிரிங்குக்கே திரும்பியது. சுசுகி 2018இலும் கவாசாகி 2019இலும் தங்கள் 450களில் அதையே செய்தன. யமஹா தன் ஒய்இசட்450எஃப்பில் ஸ்பிரிங்கை விடவே இல்லை. கேடிஎம்மும் அதன் சகோதர பிராண்டுகளும் மட்டும் டபிள்யூபி நிறுவனத்தின் ஏர் ஃபோர்க்கோடு நிற்கின்றன. அதுவும் நல்ல ஃபோர்க்தான்: எடை குறைவு, பம்பை எடுத்து இரண்டு அடி அடித்தால் விறைப்பு மாறிவிடும். வளரும் பையன் ஓட்டுகிறான், அல்லது ஒரே வண்டியை இரண்டு பேர் ஓட்டுகிறார்கள் என்றால் ஏரை மாற்ற வேண்டாம் என்பேன். ஆனால் ஓட ஓட சூடேறி அழுத்தம் கூடும். சீல் கசிந்தால் பந்தயத்தின் நடுவிலேயே முன்பக்கம் அமுங்கும். ஒருவரே ஓட்டுகிறார், எடையும் மாறாது, ஒவ்வொரு முறையும் பம்போடு குனிய மனமில்லை என்றால் ஸ்பிரிங் கார்ட்ரிட்ஜுக்கு மாறுவது நியாயம்.

கடைசியில் ஏ-கிட். கேஒய்பி, ஷோவா நிறுவனங்கள் தருவதும் டபிள்யூபியின் கோன் வால்வு ஃபோர்க்கும் இந்த வகை. காஷிமா, டிஎல்சி போன்ற பூச்சுகளால் உராய்வு குறையும். பாகங்கள் இன்னும் நெருக்கமான அளவில் கடைந்தவை. சின்னச் சின்ன மேடுகளில் அந்த வழவழப்பு கையில் தெரியும், மறுக்கவில்லை. ஆனால் அதற்குள்ளும் வால்வுதான் இருக்கிறது. அதையும் உங்களுக்கென்று அமைத்தாக வேண்டும். பயன்படுத்திய ஏ-கிட் வாங்குவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சூப்பர்கிராஸ் (ஸ்டேடியத்துக்குள் நடக்கும் பந்தயம்) ஓட்டியவரின் ஃபோர்க் என்றால், ஒன்றன்பின் ஒன்றாக வரும் செங்குத்தான ஜம்ப்புகளுக்காக மிக விறைப்பாக அமைத்திருப்பார்கள். அதைக் குண்டும் குழியுமான சாதாரண டிராக்கில் ஓட்டினால் மணிக்கட்டு தாங்காது.

இன்னொன்று. முன்னால் ஏ-கிட் போட்டுவிட்டுப் பின் ஷாக்கைப் பழையபடி விடாதீர்கள். முன்பக்கம் உயர்ந்தே நிற்கும், பின்பக்கம் உட்கார்ந்துவிடும், வளைவில் முன்சக்கரம் பிடிக்காது. இரண்டுக்கும் சேர்த்துச் செலவழிக்க முடியாவிட்டால், அதே பணத்தில் இரு பக்கமும் ஸ்பிரிங், ரீவால்வ், புது ஆயில், சீல் எல்லாம் முடித்துவிட்டு ஃபோர்க் காலில் ஒரு ஜிப் டை கட்டி ஓட்டுங்கள். ஃபோர்க் எவ்வளவு தூரம் உள்ளே போனதோ அதுவரை அந்த டை தள்ளப்பட்டு நிற்கும். டிராக்கின் மிகப் பெரிய ஜம்ப்பில் இறங்கியபின் அது அடியைத் தொட ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மிச்சம் வைத்து நின்றால், ஏ-கிட் பேச்சை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போடலாம்.