48 ரிங்கிட் சொட்டுப் பெட்டியும் நடுங்கிய மோலிகளும்

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் 18 வருடமாக வேலை செய்கிறேன். அளக்காத எதையும் அடுத்த மேசைக்குத் தள்ளிவிட என் கை வராது. அப்படிப்பட்ட நான் மீன் வாங்கப் போன அன்று மட்டும் எதையும் அளக்கவில்லை. அந்தத் தவறுதான் தண்ணீரின் கடினத்தன்மையை அளக்கும் இந்தச் சொட்டுப் பெட்டியை வாங்க வைத்தது.

தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கும் மகனுக்காக இரண்டரை அடித் தொட்டி ஒன்று வாங்கினோம். பேரங்காடி ஒன்றில் இருந்த மீன் கடைப் பையன் ஆறு கறுப்பு மோலிகளையும் பத்து நியான் டெட்ராக்களையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்தான். "எல்லாம் நன்னீர் மீன்தானே அக்கா, ஒன்றாக இருக்கும்" என்றான். நான்காம் நாள் மோலிகள் துடுப்புகளை மடக்கிக்கொண்டு, நகராமல், நின்ற இடத்திலேயே உடம்பை ஆட்டத் தொடங்கின. சாமி வருவதற்கு முன் ஒரு நடுக்கம் வருமே, அதுபோல. மகனுக்குச் சிரிப்பாக இருந்தது, மறுநாள் காலை ஒன்று மிதக்கும் வரை.

கடையில் போய்ச் சொன்னேன். தண்ணீர் மென்மையாக இருக்கிறது, அதாவது சுண்ணாம்புச் சத்து குறைவு, உப்புப் போடுங்கள் என்று ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்தான். மென்மை என்று கண்டுபிடித்தது சரி, மருந்துதான் தவறு. நான் கொண்டுபோயிருந்த புட்டித் தண்ணீரில் டிடிஎஸ் பேனா என்ற அளவுகருவியை விட்டுக் காட்டினான்: 60. உப்பைக் கலக்கிவிட்டு மீண்டும் விட்டான்: 700. "பார்த்தீர்களா, கடினமாகிவிட்டது." எண்ணைக் கண்டால் நம்பிவிடுவது என் தொழில்நோய். நம்பினேன். அந்த வாரம் இன்னும் இரண்டு மோலிகள் போயின.

அதன் பிறகுதான் இந்தப் பெட்டியை இணையத்தில் வாங்கினேன். விலை 48 ரிங்கிட். இரண்டு சிறு சொட்டுப் புட்டிகள், 5 மில்லிலிட்டர் கோடு போட்ட இரண்டு கண்ணாடிக் குழாய்கள், ஒரு தாள். அவ்வளவுதான். ஒரு புட்டி ஜிஎச் என்ற பொதுக் கடினத்தன்மைக்கு. தண்ணீரில் கரைந்த சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் அது அளக்கிறது. மற்றது கேஎச் என்ற கார்பனேட் கடினத்தன்மைக்கு. பிஎச் என்ற அமில-கார அளவு சட்டென்று சரியாமல் தாங்கிப் பிடிக்கும் சக்தி தண்ணீரில் எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. கோடு வரை தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். ஜிஎச் புட்டியில் ஆரஞ்சு பச்சையாக மாறும். கேஎச் புட்டியில் நீலம் மஞ்சளாக மாறும். மாறும் வரை விட்ட சொட்டுகளின் எண்ணிக்கைதான் டிகிரி. ஒரு டிகிரி என்பது லிட்டருக்குச் சுமார் 17.9 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம்.

எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் ஜிஎச் இரண்டாவது சொட்டிலேயே பச்சையானது. கேஎச் முதல் சொட்டிலேயே மஞ்சள். பினாங்குக்காரர்கள் இதில் வியக்க ஒன்றுமில்லை. நமக்கு வரும் தண்ணீரில் பெரும் பகுதி சுங்கை மூடா ஆற்று நீர், மழையில் பிறந்தது. தீவின் மலைகளும் கருங்கல்; தண்ணீர்மலைக் கோயிலுக்கு ஏறும்போது பக்கத்தில் தெரியும் பாறைகளைப் பார்த்தாலே தெரியும். கருங்கல்லில் வழிந்து வரும் நீரில் சுண்ணாம்பு எங்கிருந்து வரும்?

அடுத்து உப்புப் போட்ட தொட்டித் தண்ணீரை எடுத்தேன். அதுவும் இரண்டே சொட்டு. 700 காட்டிய அதே தண்ணீர்! பேனா கரைந்த எல்லாவற்றையும் சேர்த்து எண்ணுகிறது. சோடியமும் அதில் அடக்கம். சொட்டு மருந்துக்கு உப்பு கண்ணில் படுவதே இல்லை. இந்த ஒரு சோதனைக்கே 48 ரிங்கிட் தகும் என்பேன். இதற்கு முன் முக்கி எடுக்கும் தாள் பட்டைகளையும் வாங்கிப் பார்த்தேன். 0, 30, 60, 120 என்று தாவும் நிறக் கட்டங்களில் நம் ஊர்த் தண்ணீர் இரண்டாம் கட்டத்துக்கும் மூன்றாம் கட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. பணம் வீண்.

பெட்டியிலும் குறை உண்டு. முதல் சொட்டின் ஆரஞ்சு மிக வெளிறியது. குழாய்க்குப் பின்னால் வெள்ளைத் தாள் பிடிக்காவிட்டால் நிறம் வந்ததா இல்லையா என்று சண்டையே வரும். எங்கள் வீட்டில் வந்தது. மென்நீருக்கு ஒரு டிகிரி என்பது நுணுக்கமில்லாத அளவும்கூட. அதற்கு ஒரு வழி இருக்கிறது: தண்ணீரை இரட்டிப்பாக, 10 மில்லிலிட்டர் எடுத்தால் ஒரு சொட்டு அரை டிகிரியாகிவிடும். இது தாளில் இல்லை, தொழிற்சாலைப் புத்தி.

எண் கையில் வந்த பிறகு மீன் தேர்வு வேறு மாதிரி ஆனது. மோலியும் கப்பியும் பிளாட்டியும் சுண்ணாம்புள்ள தண்ணீர் கேட்பவை. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்களும் மென்நீரை விரும்பாதவை. டெட்ராக்கள் அமேசானின் மென்நீர்க்காரர்கள். ஆனால் நியான் 26 பாகை வெப்பத்துக்கு மேல் விரும்பாது. எங்கள் அடுக்குமாடியில் மதியம் தொட்டி 29ஐத் தொடுகிறது. கடினத்தன்மை பொருந்தினாலும் வெப்பம் பொருந்தவில்லை. அதே வரிசையில் கார்டினல் டெட்ரா கொஞ்சம் சூடு தாங்கும். நான் இன்னும் பக்கத்தில் தேடினேன். ஹார்லிக்வின் ரஸ்போரா இந்தத் தீபகற்பத்தின் ஓடைகளிலேயே பிறந்த மீன். செம்பு நிற உடம்பில் கறுப்பு முக்கோணம். பத்து வாங்கினேன், ஐந்து குஹ்லி லோச், ஒரு ஜோடி முத்து கௌராமி. மூன்றும் நம் பக்கத்து மீன்கள், மூன்றும் மென்நீர் மீன்கள். தண்ணீருக்கு எதுவும் சேர்க்கத் தேவைப்படவில்லை, ஆன்டி குளோரின் தவிர. மிஞ்சிய நியான்களை மாடிவீட்டு அக்காவின் குளிரூட்டிய வரவேற்பறைத் தொட்டிக்கு அனுப்பிவிட்டேன்.

மிச்சமிருந்த மூன்று மோலிகளை என்ன செய்வது? மகன் விடவில்லை. ஒன்றரை அடித் தொட்டி தனியாக வைத்து, ஃபில்டரில் சுண்ணாம்பு கரைந்து வரும் பவளத் துண்டுகள் ஒரு பிடி போட்டேன். மூன்று வாரத்தில் ஜிஎச் இரண்டிலிருந்து எட்டு, கேஎச் ஆறு. நடுக்கம் நின்றது. ஈப்போவிலிருந்து நாத்தனார் ஆசையாகக் கொண்டுவந்த வெள்ளைக் கல்லும் இப்போது அங்கேதான். முதலில் அதை ரஸ்போரா தொட்டியில் வைக்கப் பார்த்தேன். இரண்டு சொட்டு வினிகர் விட்டதும் நுரைத்தது. சுண்ணாம்புக்கல். நாத்தனாரிடம் காரணத்தை இன்னும் சொல்லவில்லை.

இரண்டு தரப்புக்கும் நடுவாக ஜிஎச் ஐந்து, ஆறில் ஒரே தொட்டி வைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பண்ணையில் வளர்ந்த மீன்கள் ஓரளவு பழகிக்கொள்ளும் என்பது உண்மைதான். எனக்கு அதில் மனமில்லை. வாராவாரம் தண்ணீர் மாற்றும்போதெல்லாம் அந்த ஐந்தைப் பிடித்து வைக்க வேண்டும், எண் ஏறி இறங்குவதுதான் மீனுக்குப் பெரிய தொல்லை. ஆவியான அளவுக்கு மட்டும் ஊற்றி ஏமாற்றவும் முடியாது, தாதுக்கள் தொட்டியிலேயே தங்கிக் கடினம் ஏறிக்கொண்டே போகும். மென்நீர்த் தொட்டிக்கு வேறொரு ஆபத்து: கேஎச் ஒன்றில் இருக்கும்போது ஃபில்டர் பாக்டீரியா அதையும் தின்று தீர்த்தால் பிஎச் சரிந்துவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் கால் பங்கு மாற்றுகிறேன்.

ஒன்றைச் சொல்ல மறந்தேன். பெட்டி வந்த புதிதில் எல்லாவற்றையும் அளந்தோம். அடுக்குமாடிக்குப் பின்னால் உள்ள சிமெண்டுக் கால்வாயில் கப்பிகள் கூட்டம் கூட்டமாக வாழ்கின்றன. கடை மோலி செத்த ஊரில் இவை எப்படிப் பெருகுகின்றன என்பது மகனின் கேள்வி. ஒரு புட்டி முகந்து வந்தான். ஜிஎச் ஐந்து. சிமெண்டிலிருந்து கரையும் சுண்ணாம்பாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

எல்லாருக்கும் இந்தப் பெட்டி தேவையா? ரஸ்போரா மட்டும் வளர்க்கப் போகிறீர்கள் என்றால் 48 ரிங்கிட்டுக்கு இன்னும் பத்து மீன் வாங்கிக்கொள்ளுங்கள். மோலி, கப்பி, நத்தை ஆசை இருந்தால் மீனுக்கு முன் பெட்டியை வாங்குங்கள். மென்நீரில் நத்தை ஓடே கரைந்து வெளுத்துவிடும். வாங்கும்போது புட்டியின் அடியில் காலாவதித் தேதியைப் பாருங்கள். என்னுடையதில் எட்டு மாதம்தான் மீதி இருந்தது. விற்றவர் பாதி விலையைத் திருப்பித் தந்தார், ஆனால் மூன்று தடவை கேட்ட பிறகு.