வாசற்கதவின் மூலைக்கு எது நம்பகம்: டவலா, தனி நாக்கா, ஆப்படித்த கழுந்தா?

45 மி.மீ. கனத்தில் கெட்டி மரத்தால் செய்த வாசற்கதவு 40 கிலோவைச் சுலபமாகத் தொடும். அவ்வளவு எடையும் ஒரு பக்கத்துக் கீல்களில் தொங்குகிறது. கைப்பிடிப் பக்கம் ஓயாமல் தரையை நோக்கி இழுபடுகிறது. அதைத் தடுப்பவை நெடுஞ்சட்டமும் குறுக்குச் சட்டமும் சேரும் மூலைகளே. போதாக்குறைக்கு, வெயிலிலும் மழையிலும் மரம் அகலவாக்கில் ஊதிச் சுருங்கும். நீளவாக்கில் அநேகமாக அசையாது. இவ்விரண்டும் குறுக்காகச் சந்திக்கும் இடத்தில்தான் பசை தோற்கிறது.

ரூட்டர் என்ற மின்கருவியால் விளிம்பைச் செதுக்கி, 10 மி.மீ. நாக்கை மட்டும் காடிக்குள் (நீள் பள்ளத்துக்குள்) ஒட்டும் முறை அலமாரிக் கதவுக்கு உரியது. வாசலுக்கு வேண்டவே வேண்டாம்.

டவல், அதாவது இரு சட்டங்களிலும் வட்டத் துளையிட்டு உருண்டை மரக்குச்சியைச் செருகி ஒட்டுவது, வேகமாக முடியும் வேலை. ஆனால் நெடுஞ்சட்டத்தின் கனம் சுருங்கும்போது நீளம் சுருங்காததால், வட்டத் துளை மெல்ல நீள்வட்டமாகிறது. உருண்டைக் குச்சிக்கு அங்கே முழுப் பிடிப்பு ஏது? பருமனான, நீளமான டவல்களைப் பல போட்டால் தாங்கலாம். எனக்கு மனம் ஒப்பவில்லை.

தனி நாக்கு நல்ல மாற்று. இரு சட்டங்களிலும் துளை வெட்டி, தனியே சீவிய நாக்கைச் செருகுவது. தட்டையான முகங்களில் பசை நன்றாகப் பிடிக்கும். இருபுறமும் 75 மி.மீ. ஆழம் கிடைத்தால் நம்பிச் செய்யலாம். ஆனாலும் எல்லாம் பசையை நம்பியே நிற்கிறது.

என் தேர்வு, மறுபக்கம் வரை ஊடுருவும் கழுந்து: குறுக்குச் சட்டத்தின் முனையையே நாக்காகச் செதுக்கி, நெடுஞ்சட்டத்தின் துளையில் செருகுவது. கழுந்தின் கனம் கதவின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 15 மி.மீ. துளையின் வெளிவாயை மேலும் கீழும் சற்றே அகட்டி ஆப்பு அடித்தால் கழுந்தின் முனை விரிந்து நிற்கும். பசை செத்தாலும் உருவிக்கொண்டு வராது. அடிச்சட்டம் 200 மி.மீ. அகலம் என்றால் ஒரே கழுந்து போடாதீர்கள். நீண்ட துளை நெடுஞ்சட்டத்தைப் பலவீனமாக்கும். இரண்டாகப் பிரித்து, இடையே குட்டை நாக்கு விடுங்கள், சட்டம் முறுக்காது.

இதற்கும் ஒரு குறை உண்டு. கதவின் ஓரத்தில் தெரியும் கழுந்தின் வெட்டுமுகம், அதாவது மரநார் குறுக்கே வெட்டுண்ட முனை, தண்ணீரை உறிஞ்சும். எபாக்சி என்ற பிசின் பூசி அடைத்துவிட வேண்டும். கீல் திருகுகளும் அந்த வெட்டுமுகத்தில் இறங்கினால் பிடிக்காது. ஆகவே துளை வெட்டுவதற்கு முன்பே, கழுந்துகளுக்கு விலகிக் கீல்களின் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.