45ஆவது நிமிடத்தில் அணைந்த திரை: இணையவழி உளக்காயச் சிகிச்சை குறித்து ஓர் எச்சரிக்கை

சிறு வயதில் அடியும் அச்சமுமாக வளர்ந்து, நாற்பதை நெருங்கும் வயதில்தான் அது மனத்தில் விட்டுச்சென்ற உளக்காயத்துக்கு (trauma) சிகிச்சை தேடும் துணிவு எனக்கு வந்தது. அந்தத் துணிவோடு நான் முதலில் போய்ச் சேர்ந்த இடம், கைப்பேசிச் செயலி ஒன்றின் வழியே மனநல ஆலோசனை வழங்குவதாக விளம்பரம் செய்யும் ஒரு தனியார் நிறுவனம். அங்கே நான் பணத்தை இழந்தேன். அதைவிடப் பெரிய கேடு, பல ஆண்டுகளாக மூடிக் கிடந்த ஒன்றை அவர்கள் ஒரே அமர்வில் திறக்கவைத்து, திறந்தபடியே என்னை விட்டுவிட்டுப் போனதுதான். என்னைப் போன்ற நிலையில் இருப்பவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படிக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

என் அப்பா குடித்துவிட்டு இரவு பத்து மணிக்கு மேல் வீட்டுக்கு வருவார். வாசல் இரும்புக் கேட்டின் கொண்டி விழும் ஓசையை வைத்தே அன்றைய இரவு எப்படிப் போகும் என்று நானும் அக்காவும் கணித்துவிடுவோம். அவர் இறந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் சென்ற ஆண்டு நாங்கள் குடிமாறிய அடுக்குமாடிக் குடியிருப்பில் அதே வகை இரும்புக் கேட் இருந்தது. இரவுப் பணி முடிந்து கீழ்வீட்டுக்காரர் வரும்போதெல்லாம் அதே ஓசை எழும். என் கைகள் சில்லிட்டு, பேச்சு வராமல் போகும். அக்காவிடம் சொன்னபோது, “அந்த மனுசன் போய்ச் சேந்து இத்தனை வருசமாச்சு, இன்னும் எதுக்குடி அதையே நெனச்சுக்கிட்டு இருக்க” என்றாள். அவளைக் குறை சொல்லவில்லை. அவளும் அதே வீட்டில் வளர்ந்தவள்தான்.

மருத்துவமனையின் மனநலப் பிரிவு வாசலில் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்ற தயக்கமே என்னை இணையத்தின் பக்கம் தள்ளியது. அந்தச் செயலி பன்னிரண்டு கேள்விகள் கேட்டது. தூக்கம், பயம், குழந்தைப்பருவம் என்று எல்லாவற்றுக்கும் பதில் தந்தபின், “உளக்காயச் சிகிச்சையில் தேர்ந்த நிபுணர் உங்களுக்காகக் காத்திருக்கிறார்” என்றது. மாதம் எட்டு அமர்வுகள், 9,600 ரூபாய். அந்த நிபுணரின் பெயருக்குக் கீழே படிப்போ பதிவு எண்ணோ எதுவும் இல்லை என்பதை நான் அப்போது கவனிக்கவே இல்லை.

வீட்டில் தனியாகப் பேச இடமில்லாததால் மொட்டைமாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒரு பழைய பாயை விரித்து உட்கார்ந்தேன். திரையில் வந்தவர் அன்பாகத்தான் பேசினார். வணக்கம் சொன்ன ஐந்தாவது நிமிடத்திலேயே, “மனசுல இருக்கிறதை எல்லாம் கொட்டிடுங்க மேடம், அப்பத்தான் பாரம் குறையும்” என்றார். நானும் கொட்டினேன். இதுவரை கணவரிடம்கூடச் சொல்லாத ஓர் இரவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அழுகை வந்தது, மூச்சு வாங்கியது. “நிறுத்தாதீங்க, சொல்லுங்க” என்றார். திரையின் மூலையில் நிமிடங்கள் குறைந்துகொண்டே வந்ததை நான் பார்க்கவில்லை. வாக்கியத்தின் பாதியில் திரை அணைந்தது. அடுத்த நொடி, “இந்த அமர்வுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?” என்ற கேள்வியோடு ஐந்து வெற்று நட்சத்திரங்கள் தோன்றின. மாலை ஆறு மணி வெயிலில், பாதி சொன்ன சொல் வாயில் இருக்க, அந்த நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. கீழே இறங்கிப் படிக்கட்டில் கால் வைத்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது என்பதே மறந்திருந்தது.

அதற்குப் பின் நான்கு இரவுகள் தூங்கவில்லை. செயலியின் உரையாடல் பெட்டியில் எழுதினேன். பன்னிரண்டு மணி நேரம் கழித்து, “உங்கள் உணர்வுகள் மதிக்கத்தக்கவை, அடுத்த அமர்வைப் பதிவு செய்யுங்கள்” என்ற ஆயத்தப் பதில் வந்தது. அடுத்த அமர்வில் வேறொருவர் வந்தார். முந்தையவர் விலகிவிட்டாராம். இந்தப் பெண் என் முதல் அமர்வின் குறிப்புகளை எனக்கே உரக்க வாசித்துக் காட்டி, “இது சரியா?” என்று கேட்டார். நான் ஒருவரிடம் மட்டும் சொன்னதாக நினைத்தது யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கும் கோப்பில் கிடக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. மூன்றாவது அமர்வில் மூன்றாவது ஆள். என் அப்பாவை மன்னித்து ஒரு கடிதம் எழுதும்படி அவர் என்னிடம் சொன்னார். அத்தோடு நான் நிறுத்திக்கொண்டேன்.

ஒருநாள் அதிகாலை மூன்று மணிக்கு, வேறு வழி தெரியாமல் 14416 என்ற எண்ணை அழைத்தேன். ‘டெலி மானஸ்’ என்னும் மத்திய அரசின் மனநல உதவி எண் அது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். எடுத்தவர் என் கதையைக் கேட்கவில்லை. “இப்ப பக்கத்துல யாரு இருக்காங்க, தண்ணி குடிச்சீங்களா, தரையில காலை ஊனி உக்காந்திருக்கீங்களா” என்று கேட்டார். இருபது நிமிடம் என்னோடு இருந்து, காலையில் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார். நான் எந்த வாசலுக்குப் போகக் கூசினேனோ, அந்த வாசலில்தான் எனக்குச் சிகிச்சை தொடங்கியது.

அங்கே என்னைப் பார்த்த மருத்துவ உளவியலாளர் முதல் நான்கு சந்திப்புகளில் அந்த இரவைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. தூக்கம், சாப்பாடு, வீட்டில் இப்போது யாரால் பயம் உண்டா, கேட் ஓசை கேட்டதும் உடம்பில் எந்த இடம் முதலில் இறுகுகிறது என்றே கேட்டார். மூச்சை நிதானப்படுத்தவும், கண்ணில் படும் ஐந்து பொருள்களைப் பெயர் சொல்லி எண்ணி நிகழ்காலத்துக்குத் திரும்பவும் பழக்கினார். ஏன் கதையைக் கேட்கவில்லை என்று நானே கேட்டபோது அவர் விளக்கினார். ஜூடித் ஹெர்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1992லேயே, நெடுங்கால உளக்காயத்திலிருந்து மீள்வதை மூன்று கட்டங்களாக வகுத்திருக்கிறார்: முதலில் பாதுகாப்பு, பிறகே நினைவுகூர்தலும் துக்கமும், அதன்பின் வாழ்வோடு மீண்டும் இணைதல். நடந்ததைத் திரும்பச் சொல்லவைக்கும் சிகிச்சைமுறைகளும் உண்டு, அவை பயன் தருபவையும்தான். ஆனால் அவற்றில் எதற்காகச் சொல்கிறோம் என்று முன்பே விளக்குவார்கள், நோயாளியின் சம்மதத்தோடு தொடங்குவார்கள், மனம் தணிந்தபின்தான் எழுந்து போக விடுவார்கள். கொட்டினால் பாரம் குறையும் என்பது நம் எல்லோருடைய நாக்கிலும் இருக்கும் பேச்சு. பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல் கொட்டியதன் பலனை நான் அந்த நான்கு இரவுகளில் கண்டேன்.

இணையவழிச் சிகிச்சையே தவறு என்று நான் சொல்லவில்லை. அதே உளவியலாளர் இப்போது என்னை மாதத்தில் ஒருமுறை காணொளியில்தான் பார்க்கிறார். ஒவ்வொரு முறையும் தொடங்கும் முன், எங்கே உட்கார்ந்து பேசுகிறேன், கதவு சாத்தியிருக்கிறதா, இணைப்பு அறுந்தால் எந்த எண்ணில் கூப்பிடலாம், அவசரம் என்றால் யாரை அழைக்க வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறார். முடிவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே பேச்சைக் கனமான இடத்திலிருந்து இறக்கிவிடுகிறார். அந்தச் செயலியில் இந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூட யாரும் கேட்கவில்லை.

என்னை முதலில் பார்த்த ‘நிபுணர்’ யார் என்று பிறகு தேடினேன். மூன்று வார இறுதிகளில் முடியும் ஒரு சான்றிதழ்ப் பயிற்சியைத் தவிர அவருடைய சமூகவலைத்தளப் பக்கத்தில் எதுவும் இல்லை. நம் நாட்டில் மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொண்டு தொழில் செய்ய வேண்டுமானால், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். பதிவில்லாமல் தொழில் செய்வது 1992ஆம் ஆண்டின் சட்டப்படி தண்டனைக்குரியது. பதிவு எண் உள்ளவரா என்பதை அந்தக் கவுன்சிலின் இணையதளத்தில் நாமே பார்க்கலாம். அந்தப் பதிவேட்டில் இல்லாத, ஆனால் முறையாகப் படித்துப் பயிற்சி பெற்ற நல்ல ஆலோசகர்களும் உண்டு. அவர்கள் தங்கள் படிப்பையும் யாருடைய மேற்பார்வையில் பணி செய்கிறார்கள் என்பதையும் கேட்டால் சொல்லிவிடுவார்கள். நான் அந்த நிறுவனத்திடம் மூன்று முறை எழுத்தில் கேட்டேன். “எங்கள் நிபுணர்கள் அனைவரும் சரிபார்க்கப்பட்டவர்கள்” என்ற ஒரே வரிதான் மூன்று முறையும் வந்தது.

பணத்தின் கதை சுருக்கமானது. நான் நிறுத்திய பிறகும் அடுத்த மாதம் 9,600 ரூபாய் தானாகவே கழிந்தது. முதல் முறை கட்டும்போதே யுபிஐயின் தானியங்கிக் கட்டணத்துக்கு என் ஒப்புதலைச் சேர்த்து வாங்கியிருக்கிறார்கள். 15,000 ரூபாய் வரை இப்படிக் கழிக்க ஒவ்வொரு முறையும் ரகசிய எண் தேவைப்படாது. முந்தைய நாள் வந்த முன்னறிவிப்பு குறுஞ்செய்திக் குவியலில் புதைந்துவிட்டது. செயலியில் சந்தாவை நிறுத்தும் பொத்தானை எங்கு தேடியும் கிடைக்கவில்லை. பணம் செலுத்தும் செயலிக்குள்ளேயே தானியங்கிக் கட்டணப் பகுதிக்குப் போய் அந்த ஒப்புதலை நாமே ரத்து செய்யலாம் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். எளிதில் வெளியேற முடியாத இத்தகைய சந்தாப் பொறிகளை 2023 நவம்பரிலேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்திருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தபின், ஐந்து வாரம் கழித்து இரண்டாம் மாதத் தொகை திரும்ப வந்தது. முதல் மாதத்தில் பயன்படுத்தாத ஐந்து அமர்வுகளுக்கான 6,000 ரூபாய் வரவில்லை. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம், இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். என் மனு தயாராகிக்கொண்டிருக்கிறது.

எனக்கு இன்றுவரை ஆறாமல் இருப்பது அந்தக் குறிப்புகள்தான். அமெரிக்காவில் ‘பெட்டர்ஹெல்ப்’ என்ற பெரிய இணையவழி ஆலோசனை நிறுவனம், ரகசியமாக வைத்திருப்பதாக வாக்களித்த தகவல்களை ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்ற நிறுவனங்களோடு விளம்பரத்துக்காகப் பகிர்ந்தது என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2023இல் அந்நிறுவனம் 78 லட்சம் டாலர் செலுத்த உடன்பட்டது. அத்தனை கண்காணிப்பு உள்ள இடத்திலேயே அப்படி. இங்கே, 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சிகிச்சை பெறுபவருக்கு, தன் தகவல்கள் ரகசியமாகக் காக்கப்படும் உரிமையைத் தருகிறது. அதைக் குறிப்பிட்டு, என் அமர்வுக் குறிப்புகளையும் அந்தப் பன்னிரண்டு கேள்விகளுக்கு நான் தந்த பதில்களையும் அழிக்கும்படியும், அவற்றை இதுவரை யார் யார் பார்த்தார்கள் என்று தெரிவிக்கும்படியும் இருமுறை மின்னஞ்சல் அனுப்பினேன். முதல் மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. இரண்டாவது மின்னஞ்சலுக்கு மறுநாள் ஒரு செய்தி வந்தது: நீங்கள் பாதியில் விட்ட பயணத்தைத் தொடர, இந்த வாரம் முப்பது விழுக்காடு தள்ளுபடி.