ஆச்சியின் காதும் ரசீதின் அடிக்குறிப்பும்

ஆச்சியின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்காக, அவரது பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை நாகர்கோவில் வடசேரிப் பகுதியிலுள்ள ஒரு ஸ்டுடியோவில் புதுப்பிக்கக் கொடுத்தேன். வண்ணம் சேர்த்துச் சட்டமிட்ட படத்துக்கும், ஆச்சி மெல்லச் சிரிப்பதாக ஆக்கிய பத்து விநாடிக் காணொளிக்கும் சேர்த்து 1,800 ரூபாய். சொன்ன நாளில் தந்தார்கள்; அச்சில் குறையில்லை. ரசீதின் அடியில் ‘ஏஐ உதவியுடன் செய்யப்பட்டது’ என்று அவர்களாகவே அச்சிட்டிருந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

வீட்டில் மாட்டியதும் அத்தையின் கண் காதுக்குத்தான் போயிற்று. பாம்படம் என்ற கனத்த காதணி தொங்கித் தோளைத் தொட்ட ஆச்சியின் வடித்த, அதாவது துளையை நீட்டி வளர்த்த காது, சின்னக் கம்மல் போட்ட சாதாரணக் காதாகியிருந்தது. “இது எங்க அம்மைக்க காதே இல்ல” என்றார். ரசீதோ என் சட்டைப் பையில் இருந்தது. படத்தைப் பார்ப்பவர் யாரும் ரசீதைப் பார்க்கப் போவதில்லை.

2026 பிப்ரவரி 20 முதல் நடப்பிலுள்ள மத்திய அரசின் திருத்திய தகவல் தொழில்நுட்ப விதிகள், உள்ளடக்கத்தைத் திரிக்காத நிறத் திருத்தம் போன்ற வழக்கமான வேலைகளை விட்டுவிட்டு, அசல் போலத் தோன்றும் செயற்கைப் படைப்புகளுக்கு, அவை செயற்கையானவை என்று காட்டும், கண்ணில் படும் முத்திரையைக் கேட்கின்றன. அவை இணையத் தளங்களை நோக்கியவை; சுவரில் தொங்கும் சட்டத்தைத் தொடுவதில்லை. ஆயினும் அந்தப் பாகுபாடு இங்கும் பொருந்துகிறது: சேலைக்கு நிறம் கொடுத்தது திருத்தம், காதை மாற்றியது புனைவு. ரசீதின் ஒற்றை வரி இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

காணொளியில் அந்த ஒரு வரிகூட இல்லை. குவைத்திலிருக்கும் தம்பி அதை யூடியூபில் ஏற்றியபோது, 2024 மார்ச்சில் அத்தளம் கொண்டுவந்த, மாற்றப்பட்ட அல்லது செயற்கையான காட்சி உண்டா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று குறித்துவிட்டான். அது ஏஐ செய்தது என்று அவனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

திரும்பப் போய்ச் சொன்னபோது, மூலப் படத்திலிருந்தே காதை எடுத்துப் பொருத்தி, கூடுதல் பணம் வாங்காமல் மறுபடி அச்சிட்டுத் தந்தார்கள். காணொளியில் ‘ஏஐ’ என்று எழுத்துப் போடக் கேட்டதற்கு மட்டும், முகத்தின் அழகு கெடும் என்று தயங்கினார்கள். படத்துக்கு இந்தக் கடையைத் தாராளமாகச் சொல்வேன். காணொளி வேண்டுவோர், மூலையில் எழுத்துப் போட்டுத் தர ஒப்புக்கொண்ட பிறகே முன்பணம் கொடுப்பது நல்லது.