180 ரூபாய் ஜெபக் குறிப்பேடு: ஏழு மாதம் எழுதிப் பார்த்த பிறகு

போன அக்டோபரில் எங்கள் சேகரத்து (திருச்சபை வட்டாரம்) அசனப் பண்டிகைக்கு, அதாவது எல்லோரும் கூடிச் சாப்பிடுகிற சபை விருந்துக்கு, கோயில் வாசலில் ஒரு புத்தகக் கடை போட்டிருந்தார்கள். அங்கே வாங்கியதுதான் இந்த நோட்டு. அட்டையில் தங்க நிறத்தில் "ஜெபக் குறிப்பேடு", கீழே எரிகிற விளக்கின் படம். 200 போட்டு 180க்குக் கொடுத்தார்கள். அச்சிட்டவர்கள் பெயரைச் சொல்லப் போவதில்லை. குறை நிறையச் சொல்லப் போகிறேன், சின்ன அச்சகம், பாவம். இதே மாதிரி நோட்டு இப்போது நாலைந்து பேர் போடுகிறார்கள், உள்ளே கட்டங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். எதை வாங்க நினைத்தாலும் நான் சொல்வது உதவும்.

நான் ஸ்டாஃப் நர்ஸ். திருநெல்வேலி மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனை, 22 வருஷ சர்வீஸ். "எழுதாத வேலை செய்யாத வேலை" என்று டிரெய்னிங்கில் மண்டையில் ஏற்றியது இன்னும் இறங்கவில்லை. ஊசி போட்டால் மட்டும் போதாது, நேரம் போட்டுக் கையெழுத்தும் போட வேண்டும். அப்படிப்பட்டவள் கட்டம் கட்டமாக இருக்கிற ஜெப நோட்டைப் பார்த்தால் விடுவாளா?

ஆனால் வாங்கிய காரணம் அது இல்லை. எங்கள் வார்டில் துப்புரவு வேலை பார்க்கிற அக்கா ஒருவர், மகனுக்கு மஞ்சள் காமாலை என்று அழுதுகொண்டே சொன்னார். "ஜெபம் பண்ணுறேன்க்கா" என்றேன். மூன்று வாரம் கழித்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், நீங்க ஜெபம் பண்ணினீங்க, பிள்ளைக்குச் சரியாயிட்டு" என்றார். நான் ஒரு நாள்கூட ஜெபம் பண்ணவில்லை. சொன்ன நிமிஷமே மறந்துவிட்டேன். அந்த அக்கா கிறிஸ்தவர்கூட இல்லை, என் வாய்வார்த்தையை நம்பியிருக்கிறார். "ஜெபிக்கிறேன்" என்பது எங்கள் ஆட்களிடம் "போயிட்டு வாரேன்" மாதிரி ஒரு பேச்சாகிவிட்டது. அந்த வெட்கத்தில் வாங்கியது இது.

முதலில் பொருளைப் பற்றி. 192 பக்கம், சுருள் கம்பி பைண்டிங். கட்டிலில் உட்கார்ந்து மடியில் வைத்து எழுதினால் நன்றாக விரிந்து நிற்கிறது, அதற்கு முழு மார்க். தாள் மோசம். ஜெல் பேனாவால் எழுதினால் பின்பக்கம் அப்படியே ஊறித் தெரியும். மூடி வைக்கிற எலாஸ்டிக் இரண்டாம் மாதமே அறுந்து, இப்போது மகளுடைய தலைமுடி ரப்பர் பேண்ட் அந்த வேலையைப் பார்க்கிறது. மாதத் தொடக்கத்தில் வருகிற வசனப் பக்கங்களை அழகாகப் போட்டிருக்கிறார்கள். கடைசியில் ஒரு வருஷ வேதவாசிப்பு அட்டவணை: வாரநாளில் மூன்று அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை ஐந்து. 1189 அதிகாரமும் முடிந்துவிடும் என்று கணக்கு. நான் இன்னும் நாலாவது புத்தகமான எண்ணாகமத்தில் நிற்கிறேன்.

இடது பக்கத்தில் துதி, அறிக்கை (செய்த பாவத்தை ஒத்துக்கொள்வது), நன்றி, விண்ணப்பம் என்று நாலு கட்டம். வலது பக்கத்தில் அட்டவணை: தேதி, யாருக்காக, என்ன விண்ணப்பம், பதில், பதில் கிடைத்த தேதி. பக்கத்தின் தலையில் "காலை 5.00 – 5.30" என்று அச்சே போட்டிருக்கிறார்கள். பக்கத்திலேயே மாற்கு 1:35, இயேசு இருட்டோடே எழுந்து வனாந்தரத்துக்குப் போய் ஜெபித்த வசனம்.

இந்த ஐந்து மணிதான் என்னைப் படுத்தியது. இரவு டியூட்டி வாரத்தில் காலை ஐந்து மணிக்கு நான் வார்டில் பி.பி. பார்த்துக்கொண்டிருப்பேன், இல்லை டிரிப்ஸ் மாற்றிக்கொண்டிருப்பேன். ஏழு மணிக்கு ஹேண்டிங் ஓவர் முடிந்து, பஸ் பிடித்து வீடு வந்து சேர எட்டரை. நோட்டைத் திறந்தால் அந்த ஐந்து மணி முறைத்துப் பார்க்கும். முதல் இரண்டு மாதம் உண்மையிலேயே குற்ற உணர்ச்சியோடுதான் எழுதினேன். அப்புறம் ஒரு நாள் சங்கீதம் 55 வாசிக்கும்போது "அந்திசந்தி மத்தியான வேளைகளிலும்" என்று வந்தது. வேதத்தில் வருகிற தானியேல்கூட ஒரு நாளைக்கு மூன்று வேளை முழங்காற்படியிட்டார் என்றுதான் இருக்கிறது, எத்தனை மணிக்கு என்று இல்லை. ஐந்து மணி என்பது விவசாயம் பார்த்த நம் தாத்தாக்களின் மணி. அவர்களுக்கு அது சரி. பேனாவால் அடித்துவிட்டேன்.

இதைப் படிக்கிற நர்ஸ்களுக்கு ஒன்று. சோப்புப் போட்டுக் கை கழுவ 40 முதல் 60 வினாடி ஆக வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. கோவிட் சமயத்தில் எங்களுக்கு மறுபடி பயிற்சி கொடுத்தபோது, நேரம் தெரிய பிறந்தநாள் பாட்டை இரண்டு தடவை பாடச் சொன்னார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. இயேசு கற்றுக்கொடுத்த கர்த்தருடைய ஜெபத்தை அவசரப்படாமல் சொன்னால் கை முழுதும் தேய்த்து முடிகிறது. "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" வரும்போது பெரும்பாலும் கட்டைவிரல். ஒரு டியூட்டிக்கு முப்பது நாற்பது தடவை கை கழுவுகிறேன். எல்லாத் தடவையும் மனசு அதில் இருந்தது என்று சொன்னால் பொய். ஆனால் ஒரு குழந்தை இறந்த இரவில், வாஷ்பேசின் முன்னால் நின்று "உம்முடைய சித்தம்" என்ற இடத்தில் மேலே போக முடியாமல் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது நினைவிருக்கிறது. இந்த மாதிரி ஜெபத்துக்கு நோட்டில் கட்டம் இல்லை. இருக்கவும் வேண்டாம்.

அறிக்கைக் கட்டம் பற்றிக் கொஞ்சம் சிரிப்பாகத்தான் சொல்ல வேண்டும். பிளஸ் டூ படிக்கிற பெண் இருக்கிற வீட்டில், சாப்பாட்டு மேசை மேல் கிடக்கிற நோட்டில் யார் தன் பாவத்தை எழுதி வைப்பார்கள்? ஒரு மாதம் முழுக்க "ஆண்டவருக்குத் தெரியும்" என்று எழுதினேன். அத்தை, அதாவது என் மாமியார், தன் பழைய ஜெபப் புத்தகத்தை எடுத்து வந்து காட்டினார்கள். அச்சடித்த பாவ அறிக்கை: செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டோம், செய்யக் கூடாததைச் செய்தோம். அறுபது வருஷமாக ஞாயிறுதோறும் இதைச் சொல்லி வருகிறார்கள். கேஸ் ஷீட் எழுதுகிறவளுக்கு இதைவிடப் பொருத்தமான வரி கிடைக்காது. இப்போது அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, அதை வாயால் சொல்லிவிடுகிறேன்.

கிழமைவாரி ஜெபக் குறிப்பு நல்ல யோசனை. திங்கள் குடும்பம், செவ்வாய் சபை, புதன் தேசம், வியாழன் மிஷனெரிகள், வெள்ளி உபவாசம் என்று போகிறது. வியாழக்கிழமைப் பக்கத்தைப் பார்த்ததும் அத்தை தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார்கள். உலையில் போட அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்களாம், மிஷனுக்கு. போடும்போது "ஆண்டவரே, தோர்ணக்கல் ஊழியத்தை ஆசீர்வதியும்" என்று ஒரு வரி. எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்து, பின்னாளில் பிஷப்பான அசரியாவும் மற்றவர்களும் 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பியது இந்தப் பிடியரிசிக் காலத்துச் சமாச்சாரம். தோர்ணக்கல் எந்தத் திசையில் இருக்கிறது என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. நோட்டு இல்லை, மணி இல்லை. அரிசி அளக்காத நாள் இல்லையே, அதனால் ஜெபம் தவறியதும் இல்லை.

நோயாளிகளுக்காகவும் எழுதுகிறேன், ஆனால் பெயர் எழுதுவதில்லை. அது எங்கள் தொழில் தர்மம். "பெட் 9, மூச்சுத்திணறல்" என்றுதான் இருக்கும். இதில் ஒரு வேடிக்கை. 9ஆம் நம்பர் ஆள் டிஸ்சார்ஜ் ஆகி வேறு ஆள் வந்த பிறகும், வீட்டில் நான் பழைய ஆளின் மூச்சுக்காக ஜெபித்துக்கொண்டிருந்திருக்கிறேன். புதிதாக வந்தவருக்குக் கால் முறிவு. சரி, இரண்டு பேருக்கும் போய்ச் சேர்ந்திருக்கும்.

இப்போது அந்தக் கடைசி இரண்டு கட்டத்துக்கு வருகிறேன். பதில், பதில் கிடைத்த தேதி. விளம்பரத்தில் இதைத்தான் பெரிதாகச் சொல்கிறார்கள். முன்னுரையில் ஜார்ஜ் முல்லரைக் காட்டியிருக்கிறார்கள். 1836இல் பிரிஸ்டலில் அநாதைப் பிள்ளைகளுக்கு வீடு தொடங்கியவர், மனிதரிடம் கையேந்தாமல் ஜெபித்தே நடத்தியவர், ஜெபத்தையும் பதிலையும் நாட்குறிப்பில் எழுதி வைத்தவர். எல்லாம் உண்மை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் மாதம் ஏழெட்டுக் கட்டம் நிரம்பியது. நிரம்பிய பக்கத்தைப் பார்க்க டிஸ்சார்ஜ் ரிஜிஸ்டர் மாதிரி திருப்தியாக இருந்தது. நாலாவது மாதம் பழைய பக்கங்களைப் புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. என் விண்ணப்பங்கள் சின்னதாகிக்கொண்டே வந்திருந்தன. "சம்பளப் பில் இந்த வாரம் பாஸாக வேண்டும்." "சனிக்கிழமை லீவு கிடைக்க வேண்டும்." "குழாயில் தண்ணீர் வர வேண்டும்." நிரம்பக் கூடியதாகப் பார்த்துக் கேட்டிருக்கிறேன்! நிரம்பாததை அடுத்த பக்கத்துக்கு எடுத்து எழுதுவதையே விட்டிருந்தேன். அதில் ஒன்று என் தம்பியின் குடி. அக்டோபரிலிருந்து ஜனவரி வரை ஒவ்வொரு பக்கத்திலும் அவன் பெயர் இருக்கிறது, எதிரே காலிக் கட்டம். பிப்ரவரியில் அவன் பெயரே இல்லை. அவன் குடியை விட்டதால் இல்லை. காலிக் கட்டத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

மஞ்சள் காமாலைப் பையன் கதையை யோசித்துப் பாருங்கள். ஜெபிக்காமலே பதில் வந்தது. அதை இந்த அட்டவணையில் எங்கே எழுதுவது? அப்போஸ்தலன் பவுல், தன் மாம்சத்தில் இருக்கிற முள் என்று தான் சொன்ன ஒரு வேதனை நீங்க மூன்று தடவை வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்றுதான் பதில் வந்தது. அவர் நோட்டில் அது நிரம்பிய கட்டமா, நிரம்பாத கட்டமா? முல்லர் விஷயத்திலும் முன்னுரை எழுதியவர் ஒன்றை விட்டுவிட்டார். முல்லர் 1844 நவம்பரில் ஐந்து பேருடைய மனந்திரும்புதலுக்காக ஜெபிக்கத் தொடங்கினார். முதல் ஆள் ஒன்றரை வருஷத்தில், இரண்டாவது ஆள் அதற்கு மேல் ஐந்து வருஷம் கழித்து, மூன்றாவது ஆள் இன்னும் ஆறு வருஷம் கழித்து. 36 வருஷம் ஆன பிறகும் இரண்டு பேர் மீதி, அவரும் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எனக்கு நாலு மாதத்தில் அலுத்துவிட்டது.

நோட்டைத் தூக்கிப் போடலாம் என்றுதான் நினைத்தேன். 180 ரூபாய் கொடுத்தாயிற்றே என்று, "பதில்" என்ற தலைப்பை அடித்துவிட்டு "நான் செய்தது" என்று எழுதினேன். வார்டில் டாக்டர் ஆர்டர் ஒரு பக்கம், நாங்கள் செய்தது எதிர்ப்பக்கம் என்று இருக்குமே, அந்தப் பழக்கம். குணமாக்குகிற பொறுப்பு என் கட்டத்தில் வராது. மருந்து கொடுத்தேனா என்பது வரும்.

அதிலிருந்து நோட்டு வேறு மாதிரி ஆகிவிட்டது. பாதி விண்ணப்பங்களுக்கு எதிரே நான் செய்ய ஏதோ ஒன்று இருந்தது. சண்டை போட்டிருந்த சக நர்ஸுக்காக ஜெபித்த அன்று, "மன்னிப்புக் கேட்கவில்லை" என்று எழுத வேண்டியிருந்தது. இரண்டாம் நாளும் அதையே. மூன்றாம் நாள் டியூட்டி ரூமில் போய்க் கேட்டுவிட்டேன். தம்பி பெயர் மார்ச்சில் திரும்ப வந்தது. "போன் போட்டேன், எடுக்கவில்லை." "எடுத்தான், இரண்டு நிமிஷம்." "எடுக்கவில்லை." "போட மறந்துவிட்டேன்." மே வரை இப்படியே போகிறது. இன்னும் குடிக்கிறான்.

அத்தைக்கு இந்த நோட்டு ஆரம்பத்திலிருந்தே கேலிதான். "என்ன மருமவளே, கர்த்தருக்கே பேரேடு போட்டுட்டியா?" என்பார்கள். போன வாரம் மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பதினோரு வருஷமாகப் பேசாத தன் தங்கையின் பெயரைச் சொல்லி எழுதச் சொன்னார்கள். என்ன விண்ணப்பம் என்று கேட்டேன். "அதெல்லாம் எழுத வேண்டாம், பேர மட்டும் போடு" என்றார்கள். போட்டிருக்கிறேன்.

சரி, வாங்கலாமா? மறதி உள்ளவர்கள், "ஜெபிக்கிறேன்" என்று ஊரெல்லாம் வாக்குக் கொடுக்கிறவர்கள் வாங்கலாம். பள்ளிக்கூடத்திலேயே மார்க் பின்னால் ஓடிய ஆட்கள் யோசித்து வாங்குங்கள், என்னைப் போல ஆகிவிடும். காசு கொடுக்க மனமில்லை என்றால், 40 ரூபாய் நீள நோட்டில் மூன்று கோடு போட்டால் இதே வேலை நடக்கும், தாளும் இதைவிடத் தடிமன். நான் அடுத்த வருஷத்துக்கு அதைத்தான் செய்யப் போகிறேன். இதையே வாங்கினால் பால்பாயின்ட் பேனாவால் எழுதுங்கள், ஜெல் பேனா வேண்டவே வேண்டாம்.