வாலட்டில் பணம் கழிந்தும் கடைக்குப் போய்ச் சேராவிட்டால்: ஓர் எச்சரிக்கை

மதுரையில் ஒரு மருந்துக் கடையில் வாலட் (முன்கூட்டியே பணம் நிரப்பிவைத்துச் செலவழிக்கும் செல்பேசிச் செயலி) மூலம் ரூ.1,460 செலுத்தினேன். என் இருப்பில் தொகை கழிந்தது. கடையிலிருந்த ஒலிபெருக்கிப் பெட்டியோ வாய் திறக்கவில்லை. கடைக்காரர் தம் செயலியைத் திறந்து வரவு இல்லை என்று காட்டியதால், ரொக்கம் கொடுத்து மருந்தை வாங்கிவிட்டு அன்றே செயலியில் புகார் பதிந்தேன்.

ஏழு வேலை நாட்களில் பணம் திரும்பும் என்றார்கள் வாலட் நிறுவனத்தார். கெடு முடிந்தும் பணம் வரவில்லை; புகார் 'தீர்க்கப்பட்டது' என்று அவர்களே மூடிவிட்டார்கள். மறுபடி கேட்டால் புதிய புகார் எண், மறுபடியும் ஏழு நாள். கடைசியில், அவர்கள் செயலியிலேயே செலவழிக்க வேண்டிய ஒரு கூப்பனை ஈடாகத் தருவதாகச் சொன்னபோதுதான், இது தாமதமன்று, வாடிக்கையாளரைச் சலிக்க வைக்கும் வழக்கம் என்பது விளங்கியது.

அந்த ஏழு நாள் கணக்குக்கு விதியில் இடமில்லை. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20ஆம் தேதிச் சுற்றறிக்கையின்படி, வாலட்டும் கடையின் கணக்கும் ஒரே நிறுவனத்தினுடையவையாக இருந்து (என் விஷயத்தில் அப்படித்தான்), பணம் கழிந்தும் கடைக்கு உறுதிச் செய்தி வரவில்லையென்றால், அடுத்த நாளுக்குள் தொகை திரும்ப வேண்டும். தவறினால், நாளொன்றுக்கு ரூ.100 வீதம், வாடிக்கையாளர் கேட்காமலேயே இழப்பீடு சேர வேண்டும். யூபிஐ வழியாகக் கடைக்குச் செல்லும் பணத்திற்கு ஐந்து நாள் அவகாசம் உண்டு.

இதைச் சுட்டி மின்னஞ்சல் அனுப்பிய பிறகு அசல் வந்துவிட்டது. இழப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. நிறுவனம் 30 நாட்களுக்குள் பதிலளிக்காவிட்டாலோ, பதில் நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். வழிகாட்டுதலுக்கு 14448 என்ற எண் உள்ளது. நானும் முறையிட்டிருக்கிறேன்.

இத்தகைய புகாரைச் சமூக ஊடகத்தில் எழுதினால், வாடிக்கையாளர் சேவை என்ற பெயரில் மோசடிக்காரர்கள் அழைப்பது வழக்கமாகிவிட்டது. பணத்தைத் திரும்பப் பெற ரகசிய எண்ணோ (PIN) ஓடிபியோ தேவையில்லை. கேட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். பணம் பறிபோயிருந்தால் உடனே 1930க்கு அழையுங்கள்.

பரிவர்த்தனை எண் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டையும், மூடப்பட்ட ஒவ்வொரு புகாரின் எண்ணையும் சேமித்து வையுங்கள்; குறைதீர்ப்பாளரிடம் போகும்போது அவைதான் ஆதாரம்.