நேரத்தை நிறுத்துகிறவனும் முடியாத செஷனும்: ஃபேட் ஆக்சலரேட்டட் பயன்பாட்டு அனுபவம்

"அண்ணா, எங்கள் ரோல்ப்ளே குழுவில் ஒருவருடைய பாத்திரம் எதற்கும் தோற்பதில்லை. அம்பு விட்டால் பிடித்துவிடுகிறது, விஷம் வைத்தால் ஏப்பம் விடுகிறது. ஃபேட் விதிகளுக்கு மாறினால் சரியாகுமா?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். வாட்ஸ்அப்பில் எழுத ஆரம்பித்த பதில் நீண்டுகொண்டே போனது. அவரைப்போலவே தவிக்கும் வேறு குழுக்களும் இருக்கும் என்பதால் பொதுவில் எழுதுகிறேன்.

ஃபேட் என்பது, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுச் சேர்ந்து கதை வளர்க்கும் ரோல்ப்ளே விளையாட்டுக்கான விதித்தொகுப்பு. அதன் சுருக்கமான வடிவம்தான் ஃபேட் ஆக்சலரேட்டட், 2013இல் ஈவில் ஹாட் நிறுவனம் வெளியிட்ட சிறு புத்தகம். பிடிஎஃபை நாம் விரும்பும் விலைக்கு வாங்கலாம். விதிகளை ஒரே மாலையில் படித்துவிடலாம் என்பதால் அவற்றை இங்கே விளக்கப்போவதில்லை. எங்கள் குழு சில ஆண்டுகளாக இதை டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில், முழுக்க எழுத்தில் ஆடுகிறது. குரல் இல்லை, வீடியோ இல்லை. ஆளாளுக்கு நேரம் கிடைக்கும்போது வந்து ஒரு பத்தி எழுதிவிட்டுப் போவார்கள். கதையை நடத்தி, சிக்கல்களை வைக்கும் கேம் மாஸ்டர் வேலை என் தலையில்.

தம்பியின் முதல் எதிர்பார்ப்பு, பகடை உருட்டினால் பலசாலி அவ்வப்போது சறுக்குவான் என்பது. அந்த ஆசை இருந்தால் விட்டுவிடலாம். இருபது பக்கப் பகடையில் ஒவ்வொரு எண்ணுக்கும் 5 சதவீத வாய்ப்பு உண்டு; அரக்கனும் 1 போட்டு வழுக்கி விழுவான். ஃபேட் பகடை அப்படியல்ல. நான்கு பகடைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு கூட்டல், இரண்டு கழித்தல், இரண்டு வெற்றுப் பக்கங்கள். மொத்தம் 81 சேர்க்கைகள். அவற்றில் 51, கழித்தல் 1க்கும் கூட்டல் 1க்கும் இடையிலேயே விழுகின்றன. பகடையில் விழுந்ததோடு பாத்திரத்துக்கு உரிய எண்ணைக் கூட்ட வேண்டும். ஆக, 3 உள்ளவன் பூஜ்ஜியம் உள்ளவனைப் பெரும்பாலும் வெல்லவே செய்வான். இந்தப் பகடைகளை நம்பி யாரையும் அடக்க முடியாது.

அடக்குவது வேறொன்று. அதைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கோபமெல்லாம் மறந்துவிடும்.

எங்கள் கதை, பாதி நீரில் மூழ்கிய ஒரு துறைமுக நகரத்தில் நடக்கிறது. அதில் நேரத்தை நிறுத்தும் ஆற்றல் கொண்ட ஒருவன் இருக்கிறான். நாங்கள் அவனை மணிக்கூண்டுக்காரன் என்று அழைக்கிறோம். விதிகளே இல்லாமல் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் அவனோடு சண்டை போடுவது வீண்வேலை. நாம் வாளை உருவுவதற்குள் அவன் நேரத்தை நிறுத்தி, வாளைப் பிடுங்கி, துடைத்து, உறையில் போட்டுவிட்டு நிற்பான். "அடி படவில்லை" என்பதை அவனை எழுதுபவர் மூன்று பத்திகளில் எழுதுவார். நன்றாகவும் எழுதித் தொலைப்பார்.

ஃபேட்டுக்கு மாறியபோது அவன் ஆற்றலை நான் ஒரு துளியும் குறைக்கவில்லை. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தொல்லை, அதாவது அதை அடிக்கடி சிக்கலில் மாட்டிவிடும் ஒரு குணம், எழுதியாக வேண்டும் என்பது விதி. அவனை எழுதுபவர் அலட்சியமாக "அக்கா கூப்பிட்டால் மறுக்கத் தெரியாதவன்" என்று எழுதிக் கொடுத்தார். கதையில், துறைமுகக் கதவுகளை மூடுவதா வேண்டாமா என்று நகரசபை வாக்கெடுக்கும் இரவு. அவன் அங்கே இருந்தால் முடிவு அவன் கையில். நான் ஒரு ஃபேட் பாயின்ட்டை (பின்னால் பகடைக்கு உதவியாகச் செலவழிக்கக்கூடிய வில்லை) நீட்டினேன்: அக்காவிடமிருந்து ஆள் வந்திருக்கிறது, அவள் மகனைச் சுங்கச்சாவடியில் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஏற்றால் பாயின்ட் அவருக்கு. மறுத்தால் தன் கையிலிருந்து ஒரு பாயின்ட் கொடுக்க வேண்டும். இதுதான் கம்பெல். நேரத்தை நிறுத்துகிறவனால் சுங்கச்சாவடிக்குக் கண் இமைப்பதற்குள் போக முடியும். ஆனால் அக்கா பேசி முடிக்கும்வரை எழுந்து வர முடியாது. வாக்கெடுப்பு அவனில்லாமல் நடந்தது. அந்த இரவைப் பற்றி அவர் எழுதிய பக்கம், எங்கள் கதையிலேயே நான் அடிக்கடி போய்ப் படிக்கும் பக்கம்.

அதன்பிறகு நடந்ததைத்தான் நான் எதிர்பார்க்கவே இல்லை. அடி பட மறுத்த அதே மனிதர், "இந்த இடத்தில் எனக்கு ஒரு சிக்கல் வைக்கலாமே" என்று தானாகக் கேட்க ஆரம்பித்தார். சண்டையில் விட்டுக்கொடுக்கும் விதியும் அவரைப் பிடித்துக்கொண்டது. பகடை உருளும் முன்பே தோல்வியை ஏற்றுக்கொண்டால், எப்படித் தோற்றோம் என்பதில் நமக்கும் பேச்சுரிமை உண்டு, பாயின்ட்டும் கிடைக்கும். தோற்பதை வெறுக்கிறவர்களில் பலர் உண்மையில் வெறுப்பது, தங்கள் தோல்வியை இன்னொருவர் எழுதுவதைத்தான். அந்தப் பேனாவை அவர்களிடமே கொடுத்துவிடுகிறது இந்த விதி. இதற்காக மட்டுமே ஐந்துக்கு ஐந்து கொடுத்துவிடலாம்.

எதையும் ஒரு பாத்திரமாக நடத்தலாம் என்ற ஃபேட்டின் யோசனையும் கைகொடுத்தது. ஒரு வதந்திக்குப் பாத்திரத் தாள் எழுதி, மணிக்கூண்டுக்காரன்மேல் ஏவிவிட்டேன். நேரத்தை நிறுத்தி வாளைப் பிடுங்கலாம். ஊர் வாயிலிருந்து எதைப் பிடுங்குவது?

சிறு குறை ஒன்று: ஒரு செயலைப் பகட்டாகவா, நிதானமாகவா, எப்படிச் செய்கிறோம் என்பதைக் குறிக்கும் ஆறு அணுகுமுறைகளில் தனக்கு அதிகம் உள்ளதையே எல்லாவற்றுக்கும் பொருத்தப் பார்ப்பார்கள். பகட்டில் 3 வைத்திருப்பவர் பூட்டையும் பகட்டாகவே திறப்பார். இது எல்லாரும் சொல்லிச் சலித்த குறை. எழுத்தில் ஆடும்போது "எப்படிப் பகட்டாகத் திறந்தாய், எழுது" என்று கேட்டாலே பாதி சரியாகிவிடும்.

என்னைத் தூங்கவிடாதது செஷன்.

பாத்திரத்தின் சிறப்புத் திறமைகளுக்கு ஸ்டன்ட் என்று பெயர். அவற்றை எழுதப் புத்தகம் தரும் வார்ப்புகளில் ஒன்று "செஷனுக்கு ஒரு முறை" என்பது. ஃபேட் பாயின்ட்கள் மறுபடி நிரம்புவதும் செஷன் தொடக்கத்தில்தான். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிறவர்களுக்கு இதில் குழப்பமே இல்லை: ஆறு மணிக்கு உட்கார்ந்து பத்து மணிக்கு எழுந்தால் அது ஒரு செஷன். எழுத்தில் ஆடும் எங்களுக்கு யாரும் உட்காரவுமில்லை, எழவுமில்லை. ஒரே ஒரு தேநீர்க் கடைப் பேச்சு வாரக்கணக்கில் ஓடுகிறது. மணிக்கூண்டுக்காரன் "செஷனுக்கு ஒரு முறை" நேரத்தை நிறுத்தலாம் என்றால், எப்போது அடுத்த முறை?

இருபத்தைந்து பதிவுகள் ஒரு செஷன் என்று வைத்தோம். அவனை எழுதுபவர் இருப்பது டொராண்டோவில். கோடையில் எங்களைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. நாங்கள் தூங்கி எழுவதற்குள் அவர் விறுவிறுவென்று எழுதி, செஷனைத் தாண்டி, நேரத்தை இன்னொரு முறை நிறுத்தியிருப்பார். விதிப்படி ஒரு தவறும் இல்லை.

மாதம் ஒரு செஷன் என்று மாற்றினோம். மாதக் கடைசியில், மீதமிருக்கும் டேட்டாவைத் தீர்க்கப் படம் பார்க்கிறவர்களைப்போல எல்லாரும் வீணாகிவிடுமே என்று ஆற்றல்களை வாரி இறைத்தார்கள். தேர்வு, தீபாவளிப் பயணம் என்று போனவர்களுடைய பாயின்ட்கள் தொடப்படாமல் கிடந்தன. காட்சிக்குக் காட்சி என்று மாற்றினால், கதவைத் திறந்து வெளியே போவதெல்லாம் புதுக் காட்சி என்று வாதாட ஆரம்பித்தார்கள்.

கடைசியில் அந்த வரியையே எடுத்துவிட்டு, நேரத்தை நிறுத்த ஒவ்வொரு முறையும் ஒரு ஃபேட் பாயின்ட் செலவு என்றேன். பாயின்ட் தானாக நிரம்புவதும் கிடையாது. தொல்லையை ஏற்றால்தான் வரும். காகிதத்தில் அழகான ஏற்பாடு. மணிக்கூண்டுக்காரனும் ஒழுங்குக்கு வந்தான். ஆனால் கம்பெல் கொடுக்க ஆள் அங்கே இருக்க வேண்டும். எங்கள் குழுவில் படகோட்டிப் பெண்ணை எழுதும் அம்மா, வாரம் ஒரு முறை ஞாயிறு மதியம்தான் வருவார். நான் தொல்லையை நீட்டி, அவர் பார்த்து, பதில் எழுதுவதற்குள் கதை இரண்டு தெரு தள்ளிப் போயிருக்கும். அவர் கையில் பெரும்பாலும் பூஜ்ஜியம். எந்நேரமும் இணைப்பில் இருக்கும் டொராண்டோக்காரரிடம் பாயின்ட் குவிகிறது. அவன் ஆற்றலை அடக்க வைத்த ஏற்பாடே அவனைக் குழுவின் பணக்காரனாக்கிவிட்டது. யார் அடிக்கடி வருகிறாரோ அவருடைய பாத்திரம்தான் வலிமையானது என்பது விதிகளே இல்லாத காலத்திலும் இருந்த நோய். இந்தப் புத்தகம் அதைத் தொடக்கூட இல்லை.

இதில் எரிச்சலை அதிகமாக்குவது ஒரு பழைய கதை. ஃபேட்டின் வேர், ஸ்டெஃபான் ஓ'சல்லிவன் 1992இல் உருவாக்கத் தொடங்கிய ஃபட்ஜ். அது யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாதக் குழுக்களில், ஒருவரையொருவர் பார்க்காதவர்கள் எழுத்திலேயே விவாதித்து வளர்ந்த விதித்தொகுப்பு. எழுத்திலேயே பிறந்த குடும்பம், எழுத்திலேயே ஆடுகிறவர்களை மறந்துவிட்டது. நியாயமாகப் பார்த்தால், மேசையில் ஆடுவதற்காக எழுதிய புத்தகத்தை டிஸ்கார்டுக்கு இழுத்து வந்தது நாங்கள். அவர்களைத் திட்ட எனக்கு உரிமையில்லை. இருந்தாலும் "கடிதம்போல மெதுவாக ஆடுகிறவர்களுக்கு" என்று ஒரு பக்கம் வைத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?

ஆகவே தம்பிக்கு: உங்கள் பலசாலியின் சொந்தக்காரர் தோல்வியை எழுதத் தயங்குகிறவர் என்றால் இது மருந்து. வேகமாக எழுதுகிறவர் என்றால் இதை வாங்காதீர்கள், காசு கொடுக்காமல்கூட. ஐந்துக்கு இரண்டு. போன மாதம் கேட்டிருந்தால் நான்கு கொடுத்திருப்பேன்; இந்த வாரம் படகோட்டி அம்மா "நான் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளட்டுமா?" என்று எழுதியிருந்தார்.

அடுத்த கதையையும் ஃபேட்டில்தான் தொடங்குகிறோம். வாரம் ஒரு முறை வருபவர் ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொன்னால் போதும், அதுவரை அவர் இருக்கும் தெருவை யாரும் தாண்டக்கூடாது என்று சேர்த்திருக்கிறோம். டொராண்டோக்காரர் புதுப் பாத்திரத் தாளை அதற்குள் அனுப்பிவிட்டார். இந்த முறை இறந்தவர்களை எழுப்புகிறவளாம். ஸ்டன்ட் வரியில் "செஷனுக்கு ஒரு முறை" என்று இருந்தது. அடித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.